நாலு வரிசை வெண்டை

கொஞ்சம் அந்தப் பக்கமா தள்ளிக்கிடுங்க தாயி. ஜன்னல் உங்களுக்கே இருக்கட்டும். எனக்குக் காத்தும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், இந்த வண்டி திருநவேலி போய்ச் சேந்தாப் போதும். ஆலங்குளத்துல எம்புட்டு நேரமா நிக்கான் பாருங்க. டிரைவர் டீ குடிச்சாத்தான் வண்டி ஓடுமாம்.

பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன். எங்க கொழுந்தன் சொரிமுத்து, எங்க வீட்டுக்காரவொளுக்கு நேர் இளையவன், காலையில வெண்டைக்காட்டுலயே சாஞ்சிட்டான். வாயில எச்சி ஒழுகுது, ஒடம்பெல்லாம் வேர்வை, கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கு. ஆம்புலன்ஸ் வச்சுக் கொண்டு போயிருக்காவ. கூட அவன் பொண்டாட்டி முப்பிடாதி, எங்க வீட்டுக்காரவொ. நான் வரலைன்னுதான் சொன்னேன். எம் மக செண்பகம் வளைகாப்பு முடிஞ்சு தலைப்பிள்ளைக்கு வந்திருக்கா. அவளை ஒத்தையில விட்டுட்டு எப்படி வர?

ஆனா என்னைக் கூப்பிட்டது யாருங்கியோ? முப்பிடாதி! ஒரு மாசமா என் மொகத்துல முழிக்காதவ. போன் போட்டு, 'எக்கா, ஒடனே பொறப்பட்டு வாங்க, நீங்க வந்து சொன்னாத்தான் டாக்டர் நம்புவாரு'ங்கா. சாட்சிக்குக் கூப்பிடுதா தாயி. நான் சாட்சி சொல்லப் போறேன்.

என்ன சாட்சின்னா, டாக்டர் டார்ச் அடிச்சுக் கண்ணைப் பாத்திருக்காரு. கண்மணி கடுகு கணக்கா சுருங்கிக் கெடக்காம். 'இது பூச்சிமருந்து வெசம் மாதிரி இருக்கு, என்ன மருந்து சொல்லுங்க'ன்னு கேட்டிருக்காரு. குடிச்சாரா, வீட்ல சண்டையா, மனசு சரியில்லையான்னு நூறு கேள்வி. இவளுக்கு வந்துச்சே ரோசம்! 'எங்க காட்டுல மருந்துங்கிற பேச்சே கெடையாது. மூணு வருசமா ஒரு சொட்டு அடிச்சதில்ல. எம் புருசன் எதையும் குடிக்கலை'ன்னு கோயில் மேல சத்தியம் பண்ணியிருக்கா. டாக்டருக்கு ஒண்ணும் ஓடலை. நெஞ்சுக்கு ஒரு படம், தலைக்கு ஒரு படம்னு எடுத்துக்கிட்டு இருக்காவளாம். அதான், 'தெனமும் வரப்புல நிக்கது நீங்கதான எக்கா, எங்க காட்டுல மருந்து அடிச்சு நீங்க பாத்திருக்கியளா, வந்து சொல்லுங்க'ங்கா.

அவ அடிச்சு நான் பாக்கலை. அது சத்தியம்.

இருங்க, டிக்கெட் வாங்கிக்கிடுதேன். ஜங்சன் ஒண்ணு குடுங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு அங்க எறங்கி மாறணுமா? சரி, சரி, சொல்லுங்க எறங்கும்போது.

எங்க காடும் அவ காடும் ஒண்ணா இருந்ததுதான். இப்போ நடுவுல ஒரு வரப்பு. கெணறு ஒண்ணு, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி முறை. ரெண்டு பேரும் வெண்டைதான் போட்டிருக்கோம். மூணு வருசத்துக்கு முந்தி சொரிமுத்து எதிர்க்காத்துல மருந்து அடிச்சான், சட்டைகூடப் போடாம. அன்னைக்கும் இப்படித்தான் சாஞ்சான். பொழைச்சதே பெருசு. 'இனிமே இந்த மருந்து பட்டா ஒடம்பு தாங்காது'ன்னு ஆஸ்பத்திரியில சொல்லி அனுப்புனாவ. அன்னையில இருந்து முப்பிடாதி மருந்துப் பாட்டிலைக் கண்டா பாம்பைக் கண்ட மாதிரி வெலகிப் போவா.

வெலகிப் போகட்டும், வேண்டாங்கலை. அதுக்குப் பதிலா அவ பண்ணுன கூத்து இருக்கே! வேப்பங்கொட்டையை இடிச்சுத் துணியில கெட்டி ஊறப் போடுதா. இஞ்சி, பூண்டு, பச்ச மிளகா அரைச்சுக் கரைக்கா. 'ஏளா, பூச்சிக்கு ரசமா வைக்க? அப்பளம் பொரிக்கலையா?'ன்னு வரப்புல நின்னு கேட்டேன். சிரிச்சுட்டுப் போயிட்டா. மீன் கழிவையும் வெல்லத்தையும் குடத்துல போட்டு மூடி வச்சா பாருங்க, தெறந்த அன்னைக்கு ஊரே மூக்கைப் பொத்துச்சு. அதைத் தெளிச்சா செடி தளதளன்னு வருமாம். காட்டைச் சுத்தி மக்காச்சோளம், வெளிய இருந்து பூச்சி உள்ள வராம மறிக்க. நடுநடுவே ஆமணக்கு, புழு வந்தா மொத அதுல போய் விழுமாம். புழுவுக்குத் தனிப் பந்தி! மஞ்சத் தகரத்துல விளக்கெண்ணெய் தடவித் தொங்க விட்டிருக்கா. குருவி உக்காந்து புழு பொறுக்கணும்னு குறுக்குக் கம்பு வேற. காடா, கலியாண வீடான்னு தெரியலை.

நாங்க அப்படி இல்லை. வாரம் ஒருக்கா அடிச்சிருவோம். மருந்துக்கடைக்காரர் என்ன குடுக்காரோ அது. மின்னயெல்லாம் ஒண்ணு அடிச்சாக் கேட்டுச்சு. இப்போ ரெண்டைக் கலந்து அடிச்சாத்தான் கேக்கு. பூச்சிக்கும் திமிர் கூடிப்போச்சு தாயி.

வயித்தெரிச்சல் இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். அவ காய் விரல் கணக்கா நேரா, பச்சைப் பசேல்னு நிக்கு. நம்ம காய் கொக்கி மாதிரி வளைஞ்சு கெடக்கு. மருந்தில்லாத காய் விக்கிற கடைக்காரர் ஒருத்தர் திருநவேலியில இருந்து அவ வீட்டைத் தேடிட்டு வாராரு. எங்களை யாரு தேடி வாரா? 'அதே மண்ணு, அதே தண்ணி, நீ ஏன் அவளை மாதிரி செய்யப்பிடாது'ன்னு எங்க வீட்டுக்காரவொ ஒருநாள் கேட்டுட்டாவ. அன்னைக்கு ராத்திரி நான் சோறு திங்கலை.

அப்போதான் மாவுப்பூச்சி வந்துச்சு. தண்டு, மொட்டு, காய்க்காம்பு எல்லாம் சுண்ணாம்பை அப்புன மாதிரி வெள்ளை. நாங்க அடிச்சோம், அடிச்சோம், அடிச்சுக்கிட்டே இருந்தோம். மேல மெழுகு மாதிரி இருக்குலா, மருந்து வழுக்கிட்டு ஓடுது. அவளுக்கும் வந்துச்சு. ஆனா அவ என்ன செஞ்சா? எங்கயோ பூச்சி வளக்குற எடம் இருக்காம். அங்க போயி டப்பாவுல பூச்சி வாங்கிட்டு வாரா தாயி! நாம கொல்ல வழி தெரியாம நிக்கோம், இவ வாங்கிட்டு வாரா! மிளகு தண்டி, கறுப்பு வண்டு, தலை மட்டும் செம்மண் நெறம். அதைச் செடி செடியா விட்டா.

கொஞ்ச நாள் கழிச்சு வரப்புல இருந்து எட்டிப் பாக்கேன். இலை மேல வெள்ளை வெள்ளையா, மாவுப்பூச்சியேதான், ஆனா நம்ம காட்டுல உள்ளதைவிட ரெண்டு மடங்கு பெருசு. சடை சடையா முடி. ஒட்டிக் கெடக்காம ஓடுது! கேட்டேன் அவகிட்ட. 'எக்கா, அது மாவுப்பூச்சி இல்லை, நான் விட்ட வண்டோட குஞ்சு. அதுதான் மாவுப்பூச்சியைத் திங்கும். பாக்கத்தான் அதே மாதிரி இருக்கும்'ங்கா. என் காதுல பூச்சுத்துதா! பூச்சியைத் திங்கிற பூச்சி, அந்தப் பூச்சி மாதிரியே இருக்குமாம். கோழியைத் திங்கிற நரி கோழி மாதிரியா இருக்கு? நீங்களே சொல்லுங்க.

நான் விடலை. நாலு பேரைக் கூட்டி வச்சு, 'என் காடு அழியணும்னு சனியனை வளத்து விடுதியா'ன்னு கேட்டுட்டேன். அவ கண்ணு கலங்கிட்டு வீட்டுக்குள்ள போயிட்டா. அன்னையோட பேச்சு நின்னுச்சு.

இப்போ நேத்துக்கு வாரேன். நேத்து அவ்வொ ரெண்டு பேரும் கடையத்துல ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிட்டாவ. எங்க வீட்டுக்காரவொ காய் ஏத்திக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போயாச்சு. நான் எங்க காட்டுக்கு மருந்து அடிச்சேன். அடிச்சு முடிக்கேன், டேங்குல மருந்து மிச்சம். வரப்புல ஏறி நின்னு பாக்கேன். அந்தப் பக்கம், வரப்போரமா நாலு வரிசை. அந்த வெள்ளைச் சனியன் எல்லாம் செடியில ஏறி மேயுது. இன்னும் ஒரு எட்டு வச்சா எங்க காடு.

அடிச்சிட்டேன்.

என்ன அப்படிப் பாக்கியோ? நாலே நாலு வரிசைதான. கெடுதலுக்கா அடிச்சேன்? அவ பயிரும் பொழைக்கும், எங்க பயிரும் பொழைக்கும்னுதான் அடிச்சேன். கூலி வாங்காம மருந்து அடிச்சுக் குடுத்திருக்கேன். பலனும் கண்டுச்சே! சாயந்தரம் போயிப் பாத்தா, அந்தப் பெரிய பூச்சி பூராவும் உதிந்து கெடக்கு. சின்னது மட்டும் செடியில அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு. பெருசே செத்துப்போச்சு, சின்னது எத்தனை நாளைக்குன்னு சந்தோசமா வீட்டுக்கு வந்தேன்.

சொல்லியிருக்கலாம்தான். அவ்வொ பொழுது அடையத் திரும்பி வந்தாவ, நான் வாசல்லதான் நிக்கேன். பேச்சுவார்த்தை இல்லையே தாயி! மூத்தவ நான், நானா வலியப் போயிப் பேசவா? மருந்து வாடை வரத்தான் செஞ்சிருக்கும். ஆனா எங்க காட்டு வாடை வாராவாரம் அவ்வொளுக்குப் பழக்கம்தான.

காலையில அந்தத் திருநவேலிக் கடைக்காரர் வந்தாரு. சொரிமுத்துகிட்ட ஒரு பழக்கம் உண்டு. காய் எடுக்க யாரு வந்தாலும், அவங்க முன்னால பிஞ்சாப் பாத்துப் பறிச்சு, கழுவாம தொடைக்காம கறுக்கு கறுக்குன்னு கடிச்சுத் திம்பான். 'மருந்து இருந்தா நான் திம்பேனா?'ம்பான். மூணு வருசமா அதுதான் அவன் வியாபாரம். இன்னைக்கும் பேசிக்கிட்டே வரப்போரம் வந்தான். நான் இந்தப் பக்கம் காய் பறிச்சுட்டு நிக்கேன். ஒண்ணு பறிச்சான், தின்னான். ரெண்டாவது பறிச்சான். என்னைப் பாத்து, 'என்ன மைனி, உங்களுக்கு ஒண்ணு தரவா?'ன்னு சிரிச்சான். வீட்ல பேச்சு நின்னாலும் அவன் மட்டும் மைனின்னுதான் கூப்பிடுவான்.

வாயைத் தெறந்தேன் தாயி. தெறந்தேன். வந்த ஆள் முன்னால எப்படிச் சொல்ல? மருந்து அடிச்ச காடுன்னு தெரிஞ்சா அவன் யேவாரம் கெட்டுப்போகாதா? அவன் நல்லதுக்குத்தான் சொல்லலை. கை நெறைய தின்னுட்டான்.

கை நெறையன்னா என்ன, நாலஞ்சு பிஞ்சு! அதுலயா மனுசன் விழுந்துருவான்? நாங்க இன்னைக்கு அடிச்சு நாளைக்குப் பறிச்சு மார்க்கெட்டுக்கு அனுப்புதோம். ஊரே திங்குது. எவனாவது வந்து என் வாசல்ல செத்தானா? இவனுக்கு நெஞ்சுவலியாத்தான் இருக்கும். இல்லைன்னா வெறும் வயித்துல வெயில். நான் போயி, 'ஆமா டாக்டர், முப்பிடாதி மருந்தே அடிக்க மாட்டா'ன்னு சொல்லிருவேன். உள்ளதுதான அது. அவ மனசும் குளுந்துரும், ரெண்டு வீடும் ஒண்ணாயிரும்.

பேரா? எதுக்கு மருந்துப் பேரு? தெரியும், தெரியாம என்ன. ரெண்டு பாட்டிலும் மாட்டுத்தொழுவுல எரவானத்துல சொருகியிருக்கு. வாசிக்கத் தெரியாதவளா நான்? நீங்க எதுக்கு இம்புட்டுக் கேக்கியோ?

இந்தா, எங்க வீட்டுக்காரவொதான் கூப்பிடுதாவ. ஆங், சொல்லுங்க. மாறாந்தை தாண்டிட்டேன். என்னது? சத்தமாச் சொல்லுங்க, வண்டி எரைச்சல்ல கேக்கலை. குழாயா? ஐயையோ. சரி. வாரேன். வந்துக்கிட்டுதான இருக்கேன், பறந்தா வர முடியும்?

மூச்சு தெணறுதாம் தாயி. தொண்டைக்குள்ள குழாய் விடப் போறாவளாம். என்ன மருந்துன்னு தெரிஞ்சா அதுக்கு உள்ள ஊசியைப் போட்டு ஒரு கை பாத்திருவேன், பொண்டாட்டியே இல்லைன்னு அடிச்சுச் சொன்னா நான் எதை நம்பன்னு டாக்டர் சத்தம் போடுதாராம். அவ இல்லவே இல்லைன்னு நிக்காளாம். அவ என்ன செய்வா, அவளுக்குத் தெரியாதே.

எந்திரிக்காதீங்க. உக்காருங்க. என் கையைப் பிடிக்காதீங்க தாயி, எல்லாரும் பாக்காவ. என்னது, நான் சொல்லலைன்னா நீங்க சொல்லுவியளா? நீங்க யாரு? உங்ககிட்ட வாயைக் குடுத்தேன் பாருங்க, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். சொல்லிட்டு நான் எங்க போவேன்? எங்க வீட்டுக்காரவொ என்னை வீட்டுக்குள்ள விடுவாவளா? கூடப்பொறந்த தம்பி! போலீசு வரும். ஊரு காறித் துப்பும். வயித்துப்பிள்ளைக்காரி மகளை வச்சுக்கிட்டு நான் எங்க போயி நிப்பேன்? சொல்லுங்க, நீங்க வந்து நிப்பியளா?

ஏன் என் போனைப் பிடுங்குதிய? குடுங்கங்கேன்! நானே சொல்லுதேன்.

ஏங்க, முப்பிடாதிகிட்ட குடுங்க. உங்ககிட்ட இல்லை, அவகிட்ட. குடுங்க சீக்கிரம். ஏளா, நான்தான். நல்லாக் கேளு. நேத்து நீங்க சடங்கு வீட்டுக்குப் போன பொறவு, உன் காட்டுல வரப்போரம் நாலு வரிசைக்கு மருந்து அடிச்சேன். நான்தான் அடிச்சேன். ரெண்டைக் கலந்து அடிச்சேன். அதைத்தான் அவன் தின்னுட்டான். அழாத, ஓடு, டாக்டர்கிட்ட போனைக் குடு, பேரைச் சொல்லுதேன். ஓடுளா!

...

சொல்லிட்டேன். ரெண்டு மருந்துப் பேரையும் எழுத்துக் கூட்டிச் சொல்லிட்டேன். கேட்டியள்லா? 'இதைக் காலையிலயே சொல்லப்பிடாதா'ன்னாரு டாக்டர். போனை அவ கையில குடுத்துட்டு ஓடிட்டாரு போல. பொழைச்சிருவான்லா தாயி? பொழைச்சிருவான்னு சொல்லுங்களேன்.

இருங்க, முப்பிடாதி லைன்லதான் இருக்கா. ஏசுளா. என்ன வேணும்னாலும் ஏசு, நான் கேட்டுக்கிடுதேன். மண்ணை வாரித் தூத்து. என்ன? என்ன சொல்லுத? செண்பகமா?

ஐயோ. ஐயோ தாயி. அவ ஏசலை. ஒரு வார்த்தை ஏசலை. 'எக்கா, செண்பகத்துக்குப் போன் போடுங்க'ங்கா. 'நேத்து நாங்க வந்ததும் செண்பகம் எங்க வீட்டுக்குக் கொல்லை வழியா வந்தா, பச்ச வெண்டைக்கா திங்கணும்னு ஆசையா இருக்கு சித்தின்னு கேட்டா, நான் வரப்போரம் பிஞ்சாப் பாத்துப் பறிச்சு மடி நெறைய குடுத்தேன், அம்மாகிட்ட சொல்லிராதீங்கன்னா, அதான் சொல்லலை'ங்கா. அவ புருசன் அங்க மூச்சுக்குத் தவிக்கான், இவ எம் பிள்ளையைக் கேக்கா தாயி!

நான்தான் செண்பகத்தைத் தடுத்து வச்சிருந்தேன். சித்தி வீட்டு நடையை மிதிச்சா காலை ஒடிப்பேன்னு சொல்லியிருந்தேன். அவளுக்குச் சின்னதுல இருந்தே வாய்க்கு ருசி சித்தி கைதான். காலையில தலை சுத்துதுன்னு சொன்னா. பிள்ளைத்தாச்சிக்கு இல்லாத தலைசுத்தான்னு படுக்கச் சொல்லிட்டு வண்டி ஏறிட்டேன். இந்த நம்பரைப் போட்டுக் குடுங்க தாயி, என் கண்ணு தெரியலை. செண்பகம்னு இருக்கும், அதான், அதை அமுக்குங்க.

மணி அடிக்கு. எடுளா. எடு.

செண்பகம்! ஏளா, நேத்து சித்தி குடுத்த வெண்டைக்காயைத் தின்னியா? எத்தனை தின்ன? என்னது? போகவே இல்லையா? ஏளா, சித்தியே சொல்லிட்டா, மடி நெறைய குடுத்தேன்னு. நான் ஏசலை. சத்தியமா ஏச மாட்டேன். அதுல மருந்து இருக்கு, அதான் கேக்கேன். செண்பகம், எம் மகளே, ஒரே ஒரு வார்த்தை. தின்னியா இல்லையா?

இல்லைங்கா தாயி. சித்தி வீட்டுப் பக்கமே போகலைங்கா, சாமி சத்தியங்கா. அதுல மருந்து இருக்குன்னு நான் சொன்னா, 'சித்தி குடுக்கது எல்லாத்துலயும் வெசம் இருக்கும்னு நீ எப்பவும் சொல்லுததுதானம்மா'ங்கா. நான் கத்துனா இன்னும் பயப்படுதா. கெஞ்சுனா வேவு பாக்கேன்னு நெனைக்கா. அவ நாக்கு வேற கொழறுத மாதிரி இருக்கு, அழுகையினாலயா என்னன்னு தெரியலை.

இந்தாங்க. நீங்க பேசுங்க தாயி. நான் பக்கத்துல இல்லைன்னு சொல்லுங்க. உங்ககிட்டயாவது நெசத்தைச் சொல்லுவா.